ஊசி போட ஆரம்பித்த பிறகு சாப்பாடே ருசிக்கவில்லை, நிறுத்திவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் 51 வயது அக்கா ஒருவர். பத்து வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ஏழு மாதமாக வாரம் ஒரு முறை செமாகுளுடைட் ஊசி, இப்போது 1 மில்லிகிராம் டோஸ். 12 கிலோ குறைந்திருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை முன்னால் உட்கார்ந்தாலும் மண்ணைத் தின்பது போல இருக்கிறதாம், அதனால் அதையே விட்டுவிட்டார். டோஸ் கூட்டிய வாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் மட்டன் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர், அதிலிருந்து மட்டன் வாசம் வந்தாலே எழுந்து போய்விடுகிறார். சமைக்கப் பிடிக்கவில்லை. மாமியார் வருத்தப்படுகிறார். ருசி திரும்ப வருமா, இது மனச்சோர்வா, ஊசியை நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

அக்கா, நான் கோலாலம்பூரில் டயட்டிஷியனாக வேலை பார்க்கிறேன். இந்த மருந்துகள் வந்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் விஷயம் இது. பெரும்பாலும் தயங்கித்தான் சொல்கிறார்கள். எடை குறைகிறதே, இதைப் போய் ஒரு குறையாகச் சொல்லலாமா என்று நினைக்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். பசி குறைவது மருந்தின் வேலை. சாப்பாட்டில் இருக்கிற சந்தோஷம் முழுக்கப் போய்விடுவதை அதற்குக் கொடுக்கும் விலை என்று நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒரே பிரச்சினையாகத் தெரியவில்லை. நான்கைந்து தனித்தனி விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

மருந்து என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சில நிமிடங்களில் அழிந்துவிடும். செமாகுளுடைட் அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்டது, ஆனால் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு ஊசி போதும் என்பது அதனால்தான். கணையத்தில் இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, பசியையும் குமட்டலையும் கவனிக்கிற மூளைப் பகுதிகளிலும் வேலை செய்கிறது. மௌன்ஜாரோ என்ற இன்னொரு வார ஊசியில் இருக்கும் டிர்செபடைட், ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

உங்களுக்கு மிக முக்கியமானது மூளையில் நடப்பதுதான். ஒரு பண்டத்தைத் தின்ன வேண்டும் என்று மனம் இழுப்பதும், அதை வாயில் போட்டதும் வரும் இன்பமும் ஒன்றே என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கெண்ட் பெரிட்ஜ் பல வருட ஆராய்ச்சியில் இவை இரண்டும் மூளையில் வெவ்வேறு வழியில் நடக்கின்றன என்று காட்டினார். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கிட்டத்தட்ட முழுக்க நீக்கிய எலிகள் முன்னால் வைத்த தீனியைத் தொடவே இல்லை. அதே எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், மற்ற எலிகளைப் போலவே ரசித்து நக்கின. இழுப்பு போய்விட்டது, ரசிக்கும் திறன் அப்படியே இருந்தது.

ஜிஎல்பி-1 மருந்துகள் பெரும்பாலும் அந்த இழுப்பைத்தான் தணிக்கின்றன. காலை பத்து மணிக்கே மதியச் சாப்பாட்டை நினைப்பது, மாமாக் கடையைத் தாண்டும்போது ரொட்டி சானாய் வாசத்துக்கு கால் தானாக நிற்பது, இதெல்லாம் அடங்கிப்போகிறது. பலருக்கு இது பெரிய விடுதலை, கண் கலங்கச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் சாப்பிடுவதற்கு முன்பு வரும் அந்த எதிர்பார்ப்பில்தான் பாதி சந்தோஷம் இருந்தது என்றால், அது போனதும் எல்லாமே போனது போலத் தோன்றும். அதனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல், முன்பு மிகவும் பிடித்த ஒன்றை, குமட்டல் இல்லாத ஒரு நாளில், இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து மெதுவாக வாயில் வைத்துப் பாருங்கள். வாயில் இருக்கும்போது நன்றாக இருந்தால் உங்கள் ருசி எங்கும் போகவில்லை. இழுப்பு மட்டும்தான் குறைந்திருக்கிறது. வாயில் வைத்தும் சப்பென்று இருந்தால், அல்லது உலோகம் போல, கசப்பாக இருந்தால், அது வேறு கதை.

அந்த வேறு கதையில் நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் மெட்ஃபார்மினை. வாயில் உலோகச் சுவை வருவது அதன் தெரிந்த பக்கவிளைவு. வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையும், பி12 குறைந்தால் நாக்கு வழவழப்பாகி எரியும், சுவையும் கெடும். செமாகுளுடைட்டிலும் சுவை மாறுவது பக்கவிளைவுப் பட்டியலிலேயே இருக்கிறது. அதோடு ஏழு மாதமாகக் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள், துத்தநாகமும் இரும்பும் குறைந்திருக்கலாம். துத்தநாகம் குறைந்தால் நாக்குக்கு ருசி சரியாகத் தெரியாது. பி12, இரத்தசோகை இரண்டையும் ஒரே இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், டாக்டரிடம் கேளுங்கள். எல்லாப் பழியையும் ஊசி மேல் போட்டுவிட்டு, மாத்திரை போட்டால் சரியாகிவிடக்கூடிய ஒரு குறைபாட்டோடு மாதக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கிறேன், மனசுக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது மட்டன். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் புரட்டினால், காரணம் அந்த உணவே இல்லை என்றாலும் மூளை அதன் வாசத்தையும் ருசியையும் ஆபத்து என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஜான் கார்சியா என்ற ஆய்வாளர் 1950களில் எலிகளிடம் இதைக் காட்டினார். ஒரே ஒரு தடவை நடந்தாலே போதும், வெறுப்பு நீண்ட நாள் நிற்கும். உங்களை வாந்தி எடுக்க வைத்தது மட்டன் இல்லை, புதிதாகக் கூட்டிய டோஸ். கொழுப்பு இயல்பாகவே இரைப்பையில் அதிக நேரம் தங்கும். மருந்து ஏற்கெனவே வயிற்றை மெதுவாக்கி வைத்திருக்கும்போது எண்ணெய் மிதக்கும் கறியைப் போட்டால் வெளியே வரத்தான் செய்யும். இதிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு விதி உண்டு: டோஸ் கூட்டிய வாரத்தில் உங்களுக்கு மிகப் பிடித்த சாப்பாட்டைச் சாப்பிடாதீர்கள். சாதாரணமானதைச் சாப்பிடுங்கள். பிடித்ததைப் பத்திரமாக வைத்திருங்கள், வயிறு பழகிய பிறகு சாப்பிடலாம். ஏற்கெனவே வெறுத்துப்போனதை இப்போது வற்புறுத்தி உண்ண வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கண்ணில் படாமல் விட்டுவிட்டு, பிறகு வேறு வடிவத்தில், அதாவது வறுவலுக்குப் பதில் மிளகு போட்ட எலும்பு ரசமாக, வாசம் அடங்கிய பின் ஆறவைத்து ஒரு வாய் பாருங்கள்.

ஊசி போடும் கிழமையையும் யோசியுங்கள். இதை அனேகமாக யாரும் சொல்லித் தருவதில்லை. செமாகுளுடைட் போட்ட ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகிறது. மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்காது, ஆனாலும் அந்த இரண்டு மூன்று நாள்தான் குமட்டல் அதிகம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் என்றால், வெள்ளிக்கிழமை ஊசி போடுவது அந்தச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொள்வதற்குச் சமம். ஞாயிறு இரவோ திங்களோ போடலாம். கிழமையை மாற்றும்போது இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும், டிர்செபடைட் என்றால் 72 மணி நேரம். தீபாவளிக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது டோஸ். எடை குறைக்கக் கொடுக்கும் செமாகுளுடைட் ஊசியான வெகோவியில் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 2.4 வரை ஏற்றுவார்கள். 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் இந்த 2.4 அளவை எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள், குமட்டல் வந்தது 44 விழுக்காட்டினருக்கு. படிக்கட்டு இருக்கிறது என்பதற்காக உச்சிப்படிக்கே போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, 12 கிலோ இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் டோஸை இன்னும் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு படி இறக்கி 0.5-க்குப் போய் இரண்டு மாதம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். "எடை குறைவது நின்றுவிடுமே" என்று பயப்படுவீர்கள். கொஞ்சம் மெதுவாகலாம். ஆனால் வாரா வாரம் வெறுப்போடு போட்டு ஒரு நாள் தூக்கி எறிவதைவிட, வருடக்கணக்கில் நிம்மதியாகப் போடக்கூடிய டோஸ்தான் உங்களுக்குச் சரியான டோஸ்.

நிறுத்துவது பற்றி. அதே ஸ்டெப் 1 ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. உங்களுக்கு இனிப்புநீரும் இருப்பதால் சர்க்கரையும் ஏறும். நிறுத்தினால் மருந்து உடம்பிலிருந்து வெளியேற ஐந்து வாரம் அளவில் ஆகும், அதன் பிறகு பசியும் பழைய இழுப்பும் திரும்பும். மருந்தால் போன ருசி நிரந்தரமாகப் போய்விடுவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். டோஸ் குறைத்து, இரத்தப் பரிசோதனை பார்த்து, நாள் மாற்றிப் பார்த்தும் வாழ்க்கை இப்படியேதான் இருக்கிறது என்றால், நிறுத்துவதும் நியாயமான முடிவுதான். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டாக்டரோடு பேசி, வேறு மருந்து தயாராக வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். நீங்களாக ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் விட்டு என்று செய்ய வேண்டாம். இடைவெளிக்குப் பிறகு பழைய டோஸுக்கே திரும்பினால் குமட்டல் புதிதாக ஆரம்பிக்கும்.

ருசியில்லாமல் சாப்பிடும் இந்த நாட்களில் எனக்கு உண்மையான கவலை ஒன்றுதான்: தசை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். பிடிக்கவில்லை என்று இரண்டு பிஸ்கட்டைத் தின்று தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்து நாளை ஓட்டுகிறவர்களுக்கு அது வேகமாகப் போகும். 51 வயதில் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயா) 19 கிராம் அளவில், 100 கிராம் கெம்போங் மீனில் ஏறக்குறைய 20 கிராம். சூடான உணவின் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குளிர்ந்ததைத் தேடுங்கள், வாசம் குறைவாக இருக்கும். தயிர், அவித்த முட்டை, சர்க்கரைப் பாகு குறைத்த தாவ் ஃபூ ஃபா (மெத்தென்ற சோயா இனிப்பு) எல்லாம் இறங்கும். புளிப்பு நாக்கை எழுப்பும்: ரசம், மீன் புளிக்குழம்பு, கொஞ்சம் அச்சார். பினாங்கு ஆசாம் லக்சாவை நான் பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். தேங்காய்ப்பால் கிடையாது, மீன் நிறைய, புளிப்பும் புதினாவும் இருக்கிறது. நூடல்ஸைப் பாதியாகக் கேளுங்கள். நெஞ்சு கரிப்பு இருந்தால் மட்டும் புளிப்பில் கவனம்.

புரட்டாசி மாதத்திலோ தைப்பூச விரதத்திலோ மீனும் முட்டையும் போய்விடும். மற்றவர்கள் பருப்பையும் பயறையும் நிறையச் சாப்பிட்டு ஈடுகட்டுவார்கள், உங்களால் அந்த அளவு சாப்பிட முடியாது. அப்போது ஒவ்வொரு வேளையும் தெம்பே, தாவு (டோஃபு), தயிர் ஆகியவற்றில் ஒன்றை முதலில் சாப்பிட்டுவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் என்றால் முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

வாழையிலைச் சாப்பாட்டை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இந்த மருந்துக்கு மிகவும் ஒத்துப்போகும் சாப்பாடாகத் தெரிகிறது. எந்தப் பண்டமாக இருந்தாலும் முதல் சில வாயில்தான் இன்பம் அதிகம், அதையே தொடர்ந்து தின்னத் தின்ன குறைந்துகொண்டே போகும். வேறு ருசிக்கு மாறினால் மறுபடி பிடிக்கும். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார். ஒரு தட்டு நாசி லெமாக்கில் அந்த மாற்றத்துக்கு இடம் குறைவு. இலையில் கூட்டு, பொரியல், பச்சடி, ஊறுகாய், அப்பளம், ரசம், மோர் என்று ஏழு ருசி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் போதும். சோறு பரிமாற வரும்போது ஒரு கரண்டி போதும் என்று கையை நீட்டி நிறுத்துங்கள். ஒரு துண்டு மீனை முதலில் முடியுங்கள். வயிறு போதும் என்று சொன்ன இடத்தில் இலையை மூடிவிடுங்கள், மிச்சம் கிடக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "அத்தை, மருந்து வயிற்றை மெதுவாக்குது, உங்க சமையல் பிடிக்காமல் இல்லை" என்று ஒரு தடவை அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். நம் வீடுகளில் சாப்பாட்டை வேண்டாம் என்றால் ஆளையே வேண்டாம் என்றது போல எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் காரணம் தெரியாமல் விடக்கூடாது. அவரிடமே உதவியும் கேளுங்கள். தாளிப்பும் வறுவலும் அவர் பார்க்கட்டும், எண்ணெய் புகை இல்லாத வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு காரம் சரியா என்று உங்கள் நாக்கை இப்போது நம்ப வேண்டாம், பிள்ளைகளை ருசி பார்க்கச் சொல்லுங்கள்.

மனச்சோர்வா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல முடியாது, ஆனால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்கிறேன். சாப்பாடு மட்டும் ருசிக்கவில்லை, மற்றபடி பேரப்பிள்ளையோடு விளையாட, கோயிலுக்குப் போக, பாட்டுக் கேட்க மனம் வருகிறது என்றால் பெரும்பாலும் மருந்தும் வயிறும்தான் காரணம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே மனம் போகவில்லை, பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே கிடக்கிறது என்றால் அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை, டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டியது. இந்த மருந்துகள் தற்கொலை எண்ணத்தை உண்டாக்குகின்றனவா என்று ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, அப்படிக் காட்டும் ஆதாரம் இல்லை என்று 2024-இல் அறிவித்தது. ஆனாலும் மனசு மாறினால் சொல்லாமல் இருக்கக்கூடாது. இரவில் பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற உதவித் தொலைபேசி, 03-7627 2929, எந்த நேரமும் அழைக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை நான் நிறையப் பார்க்கிறேன். வேலை அலுப்பு, வீட்டுச் சண்டை, தனிமை எல்லாவற்றுக்கும் இத்தனை வருடம் சாப்பாடுதான் ஆறுதலாக இருந்திருக்கும். மருந்து அந்த ஆறுதலை எடுத்துவிட்டது, அலுப்பும் தனிமையும் அப்படியே இருக்கின்றன. இது நோய் இல்லை, ஒரு இழப்பு. அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வைக்க வேண்டும். சாயங்காலம் தோழிகளோடு மாமாக் கடைக்குப் போகும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். சீனி குறைத்த தே தாரிக் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக அந்த நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதில்லை.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது: முதுகு வரை பாயும் கடுமையான வயிற்றுவலி, வலது விலாவுக்குக் கீழே வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. கணையம், பித்தப்பை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், ஊசிப் பேனாவை ஆன்லைனில் மலிவாக வாங்குகிறவராக இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். போலி செமாகுளுடைட் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் எச்சரித்திருக்கிறது. பெட்டியில் மலேசிய மருந்துப் பதிவைக் காட்டும் எம்ஏஎல் எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த நாளில் ஊசி, எந்த நாளில் குமட்டல், எதை வாயில் வைத்தபோது நன்றாக இருந்தது, வாயில் உலோகச் சுவை உண்டா, கடைசியாக எப்போது மலம் போனது. மலச்சிக்கல் இருந்தாலும் எதுவும் ருசிக்காது, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அந்த நோட்டைக் கொடுத்து, டோஸ் குறைப்பதையும் பி12 பரிசோதனையையும் நீங்களே கேளுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துச் சாப்பாட்டுப் பட்டியலை உங்களுக்குத் தகுந்தாற்போல் போட்டுத் தருகிறேன்.